நாற்பத்தோராவது மூலக்கூறு

டாக்டர் ஹாஜரா எங்கள் நிலையத்துக்கு நேரில் வந்தது அதுவே முதல் தடவை. ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்களிடம் வருவதில்லை, நாங்களும் அங்கே போவதில்லை. காலையில் அவர்கள் நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த கிருமியின் விவரத்தை அனுப்புவார்கள். மத்தியானத்துக்குள் அந்தக் கிருமிக்கென்றே ஒரு மருந்தை நாங்கள் கணக்குப் போட்டு அனுப்புவோம். அங்கிருக்கும் இயந்திரம் அந்த மருந்தை அணு அணுவாகச் சேர்த்துச் செய்து கொடுத்துவிடும். பழைய மாத்திரைகள் எதற்கும் கிருமிகள் மசியாமல் போன பிறகு வந்த ஏற்பாடு இது. ஊரில் இதற்குக் கணக்கு மருந்து என்று பெயர். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு உதவாது.

மணி பத்தேகால் இருக்கும். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தூங்கி இரண்டு நாளாகியிருக்கும் போலிருந்தது. ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். அதில் மூன்று பெயர்கள். செபமாலை, ஐம்பத்தொன்று. சையதலி, இருபத்து நான்கு. வண்டிமலைச்சி, அறுபது. மூன்று பேருக்கும் இந்த மாதம் கணக்கு மருந்து கொடுக்கப்பட்டது. மூன்று பேரும் இறந்துவிட்டார்கள்.

மருந்தைத் தாமதமாக ஏற்றியதால்தான் இறந்தார்கள் என்று தன்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள் என்றார். தாமதிக்கவில்லை என்றார். சொல்லும்போது குரலை உயர்த்தவேயில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நான் தப்பிக்கிறதுக்காக வரல மேடம். இதே மாதிரிக் கிருமியோட நாலாவது ஆள் இப்ப என் வார்டுல படுத்திருக்காங்க. அவங்களுக்கான கணக்கு உங்க மெஷின்லதான் ஓடிட்டிருக்கு. அது வெளிய வர்றதுக்கு முன்னாடி இந்த மூணையும் ஒரு தடவை பாருங்க."

நாலாவது ஆளின் பெயரைக் கேட்டேன். இசக்கியம்மாள், முப்பத்தெட்டு வயது, உப்பளத்தில் வேலை, காலில் பட்ட வெட்டிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இசக்கியம்மாள் எங்கள் பம்பு அறைக் கொம்பையாவின் மனைவி.

கொம்பையா அப்போது கீழேதான் இருந்தார். எங்கள் இயந்திரங்கள் சூடேறாமல் இருக்கக் கடல் தண்ணீரை இழுத்து ஓட்டுகிறோம். அந்தப் பம்புகள் அவர் பொறுப்பு. மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது லீவு போடுங்கள் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். பம்பு நின்றால் அவள் கணக்கும் சேர்ந்து நின்றுவிடும், பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவதற்கு இதையாவது செய்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெயர் பிரிஜித் மச்சாது, வயது நாற்பத்தாறு, தூத்துக்குடிக் கடலோரத்துக் கணிப்பு நிலையத்தில் மூத்த வேதியியலாளர். என் வேலையே குறைப்பதுதான். அணுவைச் சுற்றி எலக்ட்ரான் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை அச்சு அசலாக யாராலும் எழுத முடியாது. காஸியன் சார்புகள் என்று மணி வடிவத்தில் சில வளைவுகள் உண்டு. அவற்றை அணுவின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டி, உண்மைக்குப் பக்கத்தில் வருகிறோம். குறுகலானவை அணுவின் நடுவை ஒட்டி நிற்கும். அகன்றவை தள்ளி நின்று திரியும் எலக்ட்ரானுக்காக. நிறைய அடுக்கினால் விடை துல்லியமாக வரும். ஆனால் சார்புகளை இரண்டு மடங்காக்கினால் நேரம் பதினாறு மடங்காகும். அதற்குள் நோயாளி போய்விடுவார்.

அதனால் எதை விடலாம், மிச்சம் இருப்பதை என்ன அகலத்தில் வைக்கலாம் என்று தேடுவது என் பிழைப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மூன்றே அளவில் சீருடை தைத்து, எல்லோருக்கும் சுமாராகப் பொருந்த வைப்பது மாதிரி. நான் இப்படித் தைத்த சார்புத் தொகுப்பு, நான்கு நாள் பிடித்த கணக்கை மூன்று மணி நேரமாக்கியது. பதினொரு நிலையங்களில் அதுதான் ஓடுகிறது. அதற்கு பிரிஜித் தொகுப்பு என்றே பெயர். பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே ஹாஜராவின் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மாதம் ஆயிரத்துக்கு மேல் கணக்குப் போடுகிறோம், மூன்று பேரை வைத்து என்னைக் கேட்க வந்துவிட்டாயா என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன், கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இயக்குநர் சங்கரபாண்டியனுக்கு எப்படியோ விஷயம் தெரிந்து என் அறைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு நிலையம் என்பது ஒருநாளும் நிற்கக் கூடாத ரயில். டாக்டரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கணக்காகப் பேசினார்.

"இதே தொகுப்பு இன்னும் பத்து இடத்துல ஓடுது. அங்க இந்த மாதிரி ஒரு சாவு உண்டுமா? ஒண்ணுகூட கெடையாது. இங்க மட்டும் மூணு. அப்ப கோளாறு தொகுப்புலயா, அந்த ஆஸ்பத்திரியிலயா? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. உண்மையில் நிம்மதியாகக்கூட இருந்தது. பத்து இடங்களில் சரியாக இருப்பது பதினோராவது இடத்தில் எப்படித் தப்பாகும்? ஒரு சடங்குக்காகப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். அவர் பயம் நியாயமானது. தொகுப்பில் குறை என்று எழுத்தில் போய்விட்டால் பதினொரு இடத்திலும் அன்றைக்கே நிறுத்தம். மறு அங்கீகாரத்துக்கு மூன்று வாரம். அதுவரை பழைய நான்கு நாள் கணக்குதான். நான்கு நாள் தாங்குகிற நோயாளிகள் குறைவு.

மூன்று கோப்புகளையும் திறந்தேன். விடைகள் அழகாக இருந்தன. மருந்து கிருமியின் மேல் கெட்டியாக ஒட்டுகிறது என்று மூன்றும் சொல்லின. அளவுக்கு மேல் கெட்டியாக என்று அப்போது தோன்றியது. பிறகு மருந்துகளின் அமைப்பைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரு பாஸ்பேட் வால் இருந்தது. இந்தக் கிருமி வருவதற்கு முன்னால் எங்கள் மருந்துகளில் அப்படி வால் வந்ததில்லை. பாஸ்பேட் என்றால் எதிர்மின்னூட்டம், அதாவது கூடுதலாக வந்து ஒண்டிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்கள். அணுவை விட்டுத் தள்ளி, பிடிப்பில்லாமல் திரிபவை.

எனக்கு நாற்பத்தோராவது மூலக்கூறு ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தொகுப்பைச் சரிப்படுத்தும்போது, பரீட்சைக்காக நாற்பத்தொரு மூலக்கூறுகளை வைத்திருந்தேன். நிரல் ஒவ்வொரு சார்பின் அகலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். எல்லா மூலக்கூறுக்கும் சேர்த்து விடை நன்றாக வரும் இடத்தில் நிற்கும். நாற்பது மூலக்கூறுகள் ஒழுங்காக நின்றன. நாற்பத்தோராவது ஒரு பாஸ்பேட். அது நிற்கவே இல்லை. அதைச் சேர்த்தால் கடைசிச் சார்பு அகன்று அகன்று எல்லையே இல்லாமல் போய், நிரல் விழுந்துவிடும். இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், பசியில், எரிச்சலில், அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மற்ற நாற்பதும் சட்டென்று குவிந்தன, அதாவது ஒரே விடையில் வந்து நின்றன. கடைசிச் சார்பே தேவையில்லை என்றும் நிரல் சொன்னது. அதையும் எடுத்தேன். கட்டுரையில் நாற்பது மூலக்கூறுகள் என்றே எழுதினேன். எங்கள் தொழிலில் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. குவியாததை ஒதுக்குவது பல் விளக்குவது மாதிரிப் பழகிப்போன காரியம்.

ஹாஜராவை உள்ளே கூப்பிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அந்த எலக்ட்ரானுக்குப் போர்த்திக்க அகலமா ஒரு துணி வேணும் டாக்டர். நான் குடுக்கல. தனியா இருக்கும்போது அது குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்கும். பக்கத்துல கிருமி வந்ததும் கிருமியோட துணியை இழுத்துப் போர்த்திக்கும். உடனே அதுக்குச் சுகமாயிரும். என் கணக்கு அதைப் பார்த்துட்டு, ரெண்டும் கட்டிப் பிடிச்சிருக்குன்னு சொல்லிரும்."

"நெசத்துல?"

"நெசத்துல ஒட்டவே இல்ல. ஒட்டாத மருந்தைத்தான் நீங்க ஏத்தியிருக்கீய."

அவர் அந்தக் காகிதத்தை எடுத்து மடித்தார். பிறகு, உங்களுக்கு இது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை, அதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினொன்றரைக்கு இசக்கியம்மாளின் கணக்கு முடிந்து திரையில் வந்தது. முதல் மருந்து பிரமாதமாக ஒட்டுகிறது என்று போட்டிருந்தது. அதன் வாலில் பாஸ்பேட்.

ஒவ்வொரு விடைக்கும் கீழே பொறுப்பாளர் விரல் வைக்க வேண்டும். 'அங்கீகரிக்கப்பட்ட தொகுப்பில் எந்த மாற்றமும் இன்றிக் கணக்கிடப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். அதன்மேல்தான் ரேகை. அந்த முத்திரை இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி இயந்திரம் மருந்தைச் செய்யாது. நான் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எத்தனை மணிக்குள் மருந்து ஏற வேண்டும் என்று ஹாஜராவிடம் கேட்டேன். ஐந்துக்குள் என்றார். அதற்கு மேல் சிறுநீரகம் தாங்காது. செய்வதற்கு இரண்டு மணி நேரம். அப்படியானால் இரண்டே முக்காலுக்குள் என் கையை விட்டுப் போயாக வேண்டும். அவர் வார்டுக்குக் கிளம்பினார். போகும்போது கைப்பேசி எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

விட்டுப்போன அகலச் சார்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அது ஒரே ஓர் எண்தான். எண் சிறியதாக இருந்தால் சார்பு அகலம். எந்த எண் என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே வழி தேடுவது. நாற்பத்தோராவது மூலக்கூறைப் பழைய கோப்பிலிருந்து தோண்டி எடுத்து, நிரலை ஓட விட்டேன்.

திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. 0.09 என்று தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு 0.06. நிற்க வேண்டும், 0.04-இலோ 0.03-இலோ எங்காவது நிற்க வேண்டும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொம்பையா படியேறி வந்தார். வேட்டியெல்லாம் உப்புத் தண்ணீர். கதவுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"கணக்கு வந்துட்டாம்மா?"

"ஒருதரம் சரிபார்த்துட்டு அனுப்புதேன் அண்ணாச்சி."

"சரிபார்க்கணுமா? நீங்க போட்டதுல்லா" என்று சொல்லிவிட்டு, பம்பைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனார்.

பன்னிரண்டரைக்கு 0.02. ஒரு மணிக்கு 0.004. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது அப்படியே மறுபடி நடந்தது. எலக்ட்ரான் வீட்டை விட்டே கிளம்பிவிட்டது, சார்பு அதைத் துரத்திக்கொண்டு போகிறது. ஒன்று ஐந்துக்கு நிரல் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் திருச்சி நிலையத்துக்குப் போன் போட்டேன்.

அங்கே குமுதவல்லி இருக்கிறாள். என்னோடு ஒன்றாகப் படித்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. கட்டுரை எழுதச் சோம்பல்படுவாள், அதனால் பெயர் வரவில்லை. பாஸ்பேட்டுக்குக் கடைசிச் சார்பு நிற்க மாட்டேன் என்கிறது, ஏதாவது வழி தெரியுமா என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

"பாஸ்பரஸுக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூணு நாலு எட்டு. ஆக்சிஜனுக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு நாலு அஞ்சு. குறிச்சுக்கிட்டியா?"

போன் நம்பர் சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் குறித்துக்கொண்டேன். இது உனக்கு எப்படி மனப்பாடமாகத் தெரியும் என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். தேடினால் ஓடத்தான் செய்யும், தனியாக விட்டால் அந்த எலக்ட்ரான் எங்கே தங்கும் என்றாள். தேடவே கூடாதாம். தொகுப்பில் ஏற்கெனவே இருக்கும் கடைசி இரண்டு சார்புகளுக்கு என்ன விகிதமோ, அதே விகிதத்தில் இன்னொன்றைக் கீழே வைத்தால் போதுமாம். தொகுப்பு வந்த முதல் வாரமே இந்தக் குறை அவள் கண்ணில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். கோவைக்குச் சொன்னாள், அவர்கள் விசாகப்பட்டினத்துக்குச் சொன்னார்கள். பத்து நிலையங்களிலும் அந்த இரண்டு எண்களும் வாய்வழியாகவே போய்ச் சேர்ந்துவிட்டன. எழுத்தில் எங்கும் கிடையாது. எழுதினால் மூன்று வாரம் நிறுத்தம்.

"முத்திரை?" என்று கேட்டேன்.

"மாற்றமில்லைன்னு விரலை வெச்சுட்டுப் போய்க்கிட்டே இருக்கோம். வேற என்ன செய்யச் சொல்ற?"

"எனக்கு ஏன் சொல்லல?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "பிரிஜித், அது உன் தொகுப்பு. உனக்குத் தெரியாம இருக்கும்னு யாருக்குடி தோணும்? முதல்ல நீதான் போட்டிருப்பேன்னு நினைச்சோம்."

போனை வைத்துவிட்டேன். அவள்மேல் வந்த கோபம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. பத்து இடங்களில் என் கணக்கை ஒருவரும் நம்பவில்லை, அதனால் ஒருவரும் சாகவில்லை. என் ஊரில் மட்டும்தான் அதை ஓர் இலக்கம் மாற்றாமல் ஓட்டியிருக்கிறோம். இங்கே வேலை செய்யும் பிள்ளைகள் என்மேல் வைத்திருந்த மரியாதை அப்படி. என் மரியாதை எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. செபமாலையும் சையதலியும் வண்டிமலைச்சியும் தூத்துக்குடியில் நோயில் விழுந்தது அவர்கள் செய்த தப்பு.

எண்களைப் போட்டுக் கணக்கை ஓட விட்டபோது மணி ஒன்று இருபது. முதல் ஆறு மருந்துகளை மட்டும் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். எழுபது நிமிஷம் என்று காட்டியது. எழுபது நிமிஷம் போதும். பதினைந்து நிமிஷம் மிச்சம்கூட இருக்கும்.

ஒன்று ஐம்பதுக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது. தண்ணீர் வரத்து குறைகிறது. கடலில் சொறிமீன் என்கிற ஜெல்லிமீன் கூட்டம் ஒதுங்கி, பம்பின் வாய்ச் சல்லடையை அடைத்துவிட்டது. வைகாசி ஆனியில் இது வழக்கம். இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டது. எழுபது நிமிஷம் நூற்றுப்பத்து ஆகிவிட்டது. மூன்று பத்துக்குத்தான் முடியும்.

கீழே ஓடினேன். கொம்பையா ஏற்கெனவே தொட்டிக்குள் இறங்கியிருந்தார். மார்பளவு தண்ணீரில் நின்று, வழவழவென்று கிடந்த சொறிகளை வெறுங்கையால் வாரி வாரிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார். வலையை எடுத்து வரச் சொன்னேன். வலையில் ஒட்டிக்கொள்ளும், கைதான் வேகம் என்றார். முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது. சொறி பட்டால் நெருப்பாக எரியும். நானும் இறங்கட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க மேல போய் அதைப் பாருங்கம்மா. இதை நான் பார்த்துக்கிடுதேன்."

நீங்கள் இறங்கி நிற்பதே என் தப்பைத் திருத்தத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கை ஒரு நொடி நிற்கும், அந்த நொடிகூட எங்களிடம் இல்லை. இதைச் சாக்கு என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இரண்டு ஐந்துக்கு விளக்கு பச்சையானது. இரண்டு முப்பத்தெட்டுக்குக் கணக்கு முடிந்தது. முதல் மருந்து ஒட்டவில்லை. இரண்டாவதும் ஒட்டவில்லை. டாக்டர் வராமல் இருந்திருந்தால் அந்த இரண்டில் ஒன்றுக்கு நான் காலையில் விரல் வைத்திருப்பேன். மூன்றாவது, வாலே இல்லாத ஒரு சாதாரண மருந்து, பழைய கணக்கில் பின்னால் தள்ளப்பட்டுக் கிடந்தது. அதுதான் ஒட்டியது. ஆரவாரமில்லாமல், போதுமான அளவுக்கு.

'எந்த மாற்றமும் இன்றிக் கணக்கிடப்பட்டது.' ஒன்பது வருஷமாக அந்த வரியில் நான் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. விரலை வைத்தேன். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஹாஜராவுக்குப் போன் செய்து, மூன்றாவது மருந்து வருகிறது, செய்யச் சொல்லுங்கள் என்றேன். நம்பலாமா என்று கேட்டார். நம்பலாம், இதில் என் கணக்கு மட்டும் இல்லை என்றேன். நாலு ஐம்பதுக்கு ஏற்றினார்கள்.

மறுநாள் மத்தியானம் இசக்கியம்மாளுக்குக் காய்ச்சல் இறங்கியது. கண் விழித்துத் தண்ணீர் கேட்டாளாம். கொம்பையா இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்து நின்றார். உங்கள் கணக்கு ஒருநாளும் பொய்க்காது என்று எனக்குத் தெரியும் என்றார். அவரை உட்கார வைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன், குமுதவல்லி, பாஸ்பேட், மூன்று பேர், எல்லாவற்றையும். அவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்று தெரியாது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த மூணு பேரு வீட்டுல சொல்லியாச்சா?"

இல்லை என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். கும்பிடவில்லை.

நாலு மணிக்கு சங்கரபாண்டியன் விசாரணைப் படிவத்தோடு வந்தார். மூன்று மரணங்களுக்கும் நிலையத்தின் தரப்பு அறிக்கை. எல்லாம் பூர்த்தி செய்யப்பட்டிருந்தது, என் ரேகை மட்டும்தான் பாக்கி. மருந்து தாமதமாக ஏற்றப்பட்டிருக்கலாம் என்று ஒரு வரி, ஹாஜராவின் வேலை போவதற்கு அது போதும். நான் நேற்று நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எண்ணு இப்ப நம்மகிட்டயும் இருக்கு. நாளையிலருந்து நாமளும் போட்டுக்கிடுவோம். இனி ஒருத்தரும் சாவ மாட்டாவ. நீங்க இதை எழுதினா மூணு வாரம் எல்லா இடமும் நிக்கும், தெரியும்லா? எத்தனை பேரு போவாவன்னு யோசிச்சீயளா?"

யோசித்திருந்தேன். ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். எண்ணிக்கை வரவில்லை. அந்தப் பத்து நிலையத்தாரும் இந்த எண்களை இத்தனை நாள் போட்டுவந்ததைத் தைரியமாக ஒப்புக்கொண்டால் மூன்று வாரம் மூன்று நாளாகலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் எழுதியதால் சாகப்போகிறவர்களின் பெயர்களை இன்னொரு டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொண்டுவருவார். அதே சமயம், எழுதாவிட்டால் நாளைக்கு வேறொரு நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு பெண், வாய்வழி ரகசியம் எதுவும் காதில் விழாமல், என் தொகுப்பை முழுசாக நம்பிவிடுவாள். எது சரி என்று எனக்கு இப்போதும் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

படிவத்தை என் பக்கம் இழுத்தேன். டாக்டரைப் பற்றிய வரியை அடித்தேன். அதற்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது: இறந்த மூவருக்கான கணக்குகளில், அங்கீகரிக்கப்பட்ட தொகுப்பு எவ்விதத்திலேனும் மாற்றப்பட்டதா?

இல்லை என்று எழுதினேன். அதனால்தான் இறந்தார்கள் என்று அடுத்த வரியில் எழுதி, விரலை வைத்தேன்.